ஒரு தலை குறைகிறது

திரை கட்டிய அன்று மாலை, கராத்தே வகுப்பில் பதினேழு பையன்கள் ஒரு பக்கமும் மூன்று பெண்பிள்ளைகள் மறுபக்கமும் நின்றார்கள். திரை என்றால், நர்சரிச் செடிகளுக்கு வெயில் படாமல் மேலே கட்டுவார்களே, அந்தப் பச்சை வலைத்துணி. நெய்வேலி பதினொன்றாம் வட்டத்துப் பழைய மன்றக் கூடத்தை அது சரிபாதியாகப் பிரித்தது. சரிபாதி என்பதில் மாஸ்டர் சக்கரபாணி கறாராக இருந்தார். டேப் வைத்து அளந்தார். ஆக, பதினேழு பேருக்கு எவ்வளவு இடமோ மூன்று பேருக்கும் அவ்வளவு இடம். நியாயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த மாதமே மூவரில் ஒருத்தியின் அப்பாவுக்கு மாற்றலாகிக் குடும்பம் ராஜஸ்தான் பக்கம் போனது. இன்னொருத்தி பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள். பத்தாம் வகுப்புக்குப் போன பிள்ளையை நெய்வேலியில் அதற்குப் பிறகு யாரும் வெளியில் பார்ப்பதில்லை. மிச்சம் நின்றவள் கிறிஸ்டினா. வயது பதின்மூன்று, எடை நாற்பத்தொன்பது, பச்சை பெல்ட்.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பையன்களும் பெண்களும் போட்டியில் இனித் தனித்தனியாகத்தான் மோத வேண்டும் என்று மாவட்டச் சங்கம் அந்த ஆண்டு சுற்றறிக்கை விட்டிருந்தது. அதுவரை, எடைக்கு ஏற்ற ஆள் கிடைக்காவிட்டால் பையனையும் பெண்ணையும் எதிரெதிரே நிறுத்திவிடுவது வழக்கம். சுற்றறிக்கை போட்டியைப் பற்றித்தான் பேசியது. பயிற்சியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஆனால் மன்றத்தின் கமிட்டியில் பிரபாவதி இருந்தார். அவர் மகன் சிவசங்கரை அதற்கு முந்தின வாரம்தான் கிறிஸ்டினா விலாவில் ஓர் உதை விட்டு உட்காரவைத்திருந்தாள். ஐஸ் கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். கமிட்டியில் பிரபாவதி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“வளர்ற பொண்ணுங்க. அவங்க பாதுகாப்பை நாமதானே பாக்கணும்” என்றார்.

பாதுகாப்பு என்ற சொல்லை எதிர்த்து நெய்வேலியில் யாரும் பேச முடியாது. சுரங்க வாசலில், பவர் ஹவுஸ் வாசலில், கேன்டீன் சுவரில் எல்லாம் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மாஸ்டர் ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் திரையைத் தூக்கிக் கிறிஸ்டினாவின் பக்கம் வருவார்.

“குத்து, இருபது.”

“யாரை சார்?”

“காத்தைத்தான். காத்தை அடிக்கறதுதாம்மா கஷ்டம். ஆளை எவன் வேணாலும் அடிப்பான்.”

கிறிஸ்டினா காற்றை அடித்தாள். பதினோரு மாதம் அடித்தாள். அவளுடைய குத்து வேகமாகிக்கொண்டே போனது. சட்டை நுனி ‘பட்’டென்று சாட்டை மாதிரி சத்தம் போடும். திரைக்கு அந்தப் பக்கம் சிவசங்கர் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு கணம் நின்று, பிறகு தொடர்வான். அவனும் இதற்கிடையில் அரையடி வளர்ந்துவிட்டிருந்தான்.

கிறிஸ்டினாவின் வீட்டில் பெர்மனென்ட் அம்மா சகாயமேரி, கான்ட்ராக்ட் அப்பா பிராங்க்ளின். சகாயமேரியின் தகப்பனார் வேலையில் இருக்கும்போதே இறந்ததால் அவளுக்கு நிலக்கரி நிறுவனத்தில் அட்டெண்டர் வேலை வந்தது. குவார்ட்டர்ஸ் அவள் பெயரில், மருத்துவ அட்டை அவள் பெயரில். படிவங்களில் பிராங்க்ளின் சார்ந்திருப்போர் பட்டியலில் இரண்டாவதாக வருவான், மகளுக்குக் கீழே. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்தவன், பதினாறு வருடமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டாகவே இருக்கிறான்.

அவன் வேலை பெல்ட் அடியில். சுரங்கத்தில் வெட்டிய மண்ணை மைல் கணக்கில் தூக்கிப்போகும் பெல்ட்டிலிருந்து கொஞ்சம் கீழே கொட்டும். அதை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போட வேண்டும். போட்டதில் கொஞ்சம் மறுபடி கொட்டும். வேலை நிரந்தரமானது. செய்கிறவர்கள்தான் நிரந்தரமில்லை.

மே மாதக் கடைசியில் ஒருநாள் சகாயமேரி அடுப்படியில் பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுக் குழம்புக்கு. வெளியே கொடியில் காய்ந்த துணிகளின் மேல் சாம்பல் பொடி மெல்லிசாகப் படிந்திருந்தது. கிறிஸ்டினா உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஜூன் ஏழாந்தேதி கடலூர்ல டிஸ்ட்ரிக்ட்டும்மா” என்றாள்.

“தெரியும். போ. ஜெயிச்சு ஸ்டேட்டுக்குப் போனா இந்தக் கராத்தே. இல்லன்னா ஒன்பதாவதுக்கு டியூஷன். போன வருஷமே சொன்னதுதான்.”

“உனக்கு நான் அதுல இருக்கறதே புடிக்கல.”

“புடிக்கலன்னா ஆறு வருஷம் அந்த வெள்ளை டிரஸ்ஸை நீலம் போட்டு வெளுத்துக் குடுப்பேனா? இந்த ஊர் சாம்பல்ல?” சகாயமேரி கொட்டையைச் சட்டியில் போட்டாள். “அந்தப் பையன் சிவசங்கரு, லீவுக்குப் போயிட்டு வந்து எப்படி வளந்துட்டான் பாரு. நாளைக்கு அவன் ஒண்ணு விட்டா உன் எலும்பு தாங்குமா? திரை கட்டுனது நல்லதுதான்னு நான் சொல்லுவேன்.”

“சரிம்மா. அப்ப நான் யார்கூடப் பண்ணுவேன்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். ஆளே இல்லாத ஆட்டத்துக்கு நீ எதுக்குப் போற?”

கிறிஸ்டினா மடித்த துணியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பாவைக் கூப்பிட்டு, “கொஞ்ச நேரம் எதிர்ல நில்லுங்கப்பா, தொட மாட்டேன்” என்றாள். பிராங்க்ளின் முதல் ஷிப்ட் முடிந்து வந்து, தோள்பட்டையில் தைலம் தடவிக்கொண்டு கட்டிலில் கிடந்தான். எழுந்து நின்றான். அவள் கை ஓங்கியதும் அவனுக்குக் கண் தானாக மூடிக்கொண்டது.

“பெத்த அப்பன் மேல கை ஓங்கற பொண்ண எவன் வீட்டுல பாத்திருக்கேன்?” என்று சகாயமேரி அடுப்படியிலிருந்து கத்தினாள். பயிற்சி அத்துடன் முடிந்தது.

மறுநாள் மாஸ்டர் பிராங்க்ளினை மன்ற வாசலில் நிறுத்தினார்.

“பிராங்க்ளின், பட்டியல் வந்துடுச்சு. பதினாலுக்குள்ள, பெண்கள், நாப்பத்தேழு கிலோவுக்கு மேல. மாவட்டத்துக்கே ஒரே ஒரு பேரு. உம்ம பொண்ணு.”

“அப்ப தங்கம்தானே சார்?”

“தங்கம் இல்ல, தகரமும் இல்ல. ஒரே ஆள்னா அந்தப் பிரிவையே எடுத்துடுவாங்க. ரெண்டு பேராவது மோதி, அதுல ஜெயிச்சாத்தான் ஸ்டேட்.”

“பசங்களோட?”

“அதான் கூடாதுன்னுட்டாங்களே.”

“எடைய கொறைச்சு கீழ்ப் பிரிவுல?”

“அங்க பட்டியல் மூடியாச்சு. புதுசா யாராவது வந்தா இந்தப் பிரிவுலதான் சேக்கலாம், ஆள் கொறையறதால. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம்.”

பிராங்க்ளின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். “அப்ப ஒரு தலை கொறையுது, அவ்வளவுதானே சார்?”

இந்த இடத்தில்தான் அவன் தப்புச் செய்தான். ஆனால் பெல்ட் அடியில் பதினாறு வருடம் நின்ற யாரும் அந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள். அவனுடைய கான்ட்ராக்ட்டில் ஒரு ஷிப்ட்டுக்கு எட்டுத் தலை. சூப்பர்வைசர் வருவார், விரலை நீட்டி எண்ணுவார், போவார். ஏழு தலை நின்றால் அந்த ஷிப்ட் ஏழு பேருக்கும் கிடையாது. அதனால் வர முடியாதவன் பதிலுக்கு ஓர் ஆளைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். வந்தவன் அள்ளுகிறானா, மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடிக்கிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. தலை இருந்தால் போதும்.

அன்றைக்கு ராத்திரி பெய்த கோடை மழையில் களிமண் பிசின் மாதிரி ஆகியிருந்தது. காலை ஷிப்ட்டில் ஒரு தடவை அள்ளினால் மண்வெட்டியில் பாதி ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அள்ளிக்கொண்டிருந்த குமரவேல், குறிஞ்சிப்பாடிக்கு அந்தாண்ட ஒரு கிராமத்தான். பெல்ட் இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

“இன்னாண்ணா, காலைலேர்ந்து மூஞ்சி தொங்கிகினு கெடக்குது?”

“எம்பொண்ணுக்கு எதிராளி இல்லடா.”

“நல்லதாப் போச்சுன்னு வுடு. எங்க ஊர்ல வூட்டுக்கு வூடு எதிராளிதான்.”

பிராங்க்ளின் விஷயத்தைச் சொன்னான். குமரவேல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

“ஒரு தலை கொறையுதுன்னு சொல்லேன்.”

“அதேதான். உம்பொண்ணுக்குப் பதிமூணுதானே? என்ன எடை இருக்கும்?”

“சத்யப்பிரியாவா? அத எவன் நிறுத்திப் பாத்தான்? இன்னா, கெடேரியா?”

“ஒரு குத்துமதிப்பா சொல்லு.”

“அரை மூட்டை கொட்டைய இடுப்புல வெச்சிகினு முந்திரித் தோப்புலேர்ந்து நடந்து வருது. நாப்பத்தஞ்சுக்குக் கொறையாது.” குமரவேல் நெற்றி வியர்வையை வழித்து எறிந்தான். “அடி படுமாண்ணா?”

“படாது. மூஞ்சிக்கு நேரா கைய கொண்டுபோய், தொடறதுக்கு முன்னாடி நிறுத்தணும். அதான் ரூல். பட்டுதுன்னா அடிச்சவளுக்குத்தான் தண்டனை.”

“எம்பொண்ணு இன்னா செய்யணும்?”

“நிக்கணும்.”

“அப்புறம்?”

“ரெண்டு நிமிஷம் நிக்கணும். முன்னாடி ஒரு கும்புடு, பின்னாடி ஒரு கும்புடு.”

“நாமளும் எட்டு மணி நேரம் அதத்தான செஞ்சிகினு கெடக்கறம்” என்றான் குமரவேல். பிறகு, “எங்கப்பன் செத்தப்ப என் பேருக்கு நாலு ஷிப்ட் நீ நின்னண்ணா. எம்பொண்ணு ரெண்டு நிமிஷம் நிக்காதா?” என்றான். மறுபடி அள்ள ஆரம்பித்தார்கள். தூரத்தில் சூப்பர்வைசர் வருவது தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே சத்யப்பிரியாவின் பெயர் பட்டியலில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிராங்க்ளினும் மாஸ்டரும் மாஸ்டரின் வண்டியில் குமரவேல் வீட்டுக்குப் போனார்கள். ரோட்டோரம் எல்லாம் பலாப்பழம் குவித்து வைத்திருந்தது. பண்ருட்டிக்குப் போகிற லாரியில் ஏறியது போக மிச்சம். சத்யப்பிரியா முந்திரிக்கொட்டை காயவைத்திருந்த சாக்கைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்று இருந்தாள். அவளைக் கொட்டை வியாபாரியின் தராசில் ஏற்றி நிறுத்தினார்கள். நாற்பத்தாறு கிலோ முந்நூறு.

“எழுநூறு கிராம் கொறையுது” என்றார் மாஸ்டர்.

அவள் அம்மா செந்தாமரை பலாச்சுளையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். “டவுனுப் பொண்ணுங்க எடை கொறையணும்னு பட்டினி கெடக்குதுன்றாங்க. நீங்க இன்னாடான்னா எடை ஏத்துன்னு வந்து நிக்கறீங்களே சார்.”

“அன்னிக்குக் காலைல மட்டும் நல்லா சாப்பிட்டா போதும்மா.”

“அதுக்குப் பஞ்சமே இல்ல. அது சாப்புடறதுக்கு ஒரு போட்டி வெச்சீங்கன்னா டெல்லிக்கே போவும்.”

“த, சும்மா இரும்மா” என்றாள் சத்யப்பிரியா.

மாஸ்டர் அவளுக்கு அரை மணி நேரத்தில் கராத்தே கற்றுக்கொடுத்தார். குனிவது. ஒரு காலை முன்னால் வைத்து நிற்பது. கையை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்வது. நடுவர் நிறுத்தச் சொன்னால் கோட்டுக்குத் திரும்பி வருவது. எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

“நான் அடிக்கலாமா சார்?”

மாஸ்டர் பிராங்க்ளினைப் பார்த்தார். பிராங்க்ளின் குமரவேலைப் பார்த்தான்.

“அடிக்கலாம்... தேவையில்ல” என்றார் மாஸ்டர்.

“தேவையில்லன்னா? அடிக்கக் கூடாதா?”

“கூடாதுன்னு ரூல் இல்லம்மா.”

“நீ நின்னா போதும் பாப்பா” என்றான் குமரவேல்.

அவள் தலையாட்டினாள். திருப்தியில் ஆட்டியது போல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டினா பிடித்துக்கொண்டாள். “அப்பா, ஒரே ஒரு நாள் அவளை இங்க கூட்டிட்டு வாங்கப்பா. நான் அவகூடப் பண்ணணும்.”

“அன்னிக்குத்தான் பண்ணப் போறியே.”

“இல்லப்பா. நான் ஒரு ஆளை எதிர்ல பாத்தே பதினோரு மாசம் ஆச்சு. எவ்வளவு தூரத்துல நிறுத்தணும்னு கைக்கே மறந்துடுச்சு.”

பிராங்க்ளின் மாஸ்டரிடம் போய்க் கேட்டான். மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். “வேணாம். உம்ம பொண்ணு வேகத்தை முன்னாடியே பாத்துச்சுன்னா அந்தப் புள்ள பயந்துக்கும். அன்னிக்கு வராம நின்னுடுச்சுன்னா என்ன பண்றது?”

தலை குறைந்துவிடும். பிராங்க்ளினுக்கு அது நன்றாகப் புரிந்தது.

ஜூன் ஏழாம் தேதி காலை ஏழு மணிக்கே கடலூரில் வெயில் கொளுத்தியது. பந்தய மண்டபத்தின் தகரக் கூரைக்குக் கீழே முந்நூறு பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். எடை பார்க்கும் மேசை எட்டரைக்குத் திறக்கும். வெளியே வேப்ப மரத்தடியில் சத்யப்பிரியா எட்டு இட்லி சாப்பிட்டிருந்தாள். பிறகு பத்துப் பன்னிரண்டு பலாச்சுளை. கிறிஸ்டினா தன் பழைய உடுப்பு ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தாள். கை கொஞ்சம் குட்டை.

“இன்னும் ரெண்டு சுளை முழுங்கு பாப்பா” என்றான் பிராங்க்ளின்.

“முடியல மாமா. கண்ணு வழியா வருது.”

“அப்ப தண்ணி குடி. தண்ணியும் எடைதான்.”

அவள் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தாள். மேசைக்குப் போனாள். முள் நாற்பத்தேழைத் தாண்டி நூற்றைம்பது கிராமில் நின்றது. பிராங்க்ளினும் குமரவேலும் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். அங்கே அன்றைக்கு அதுதான் முதல் வெற்றி.

பையன்கள் பக்கம் ஒவ்வொரு எடைக்கும் எட்டுப் பேர், பத்துப் பேர். சிவசங்கர் இரண்டு ஆட்டம் ஜெயித்து மூன்றாவதில் தோற்றான். பிரபாவதி ஐஸ் பையோடு வரிசைக்கு வரிசை நகர்ந்துகொண்டிருந்தார். பதினொன்றரைக்கு மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். நீலப் பக்கத்துக்குக் கிறிஸ்டினா. சிவப்புக்குச் சத்யப்பிரியா.

இருவரும் குனிந்தார்கள். நிமிரும்போது சத்யப்பிரியாவுக்கு ஏப்பம் வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, சொல்லிக்கொடுத்தபடி ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள்.

நடுவர் கையை இறக்கினார்.

கிறிஸ்டினா இரண்டு எட்டு வைத்து இடது கையை விட்டாள். சட்டை நுனி ‘பட்’டென்றது. அந்தச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்து வந்தது. ஈரமான சத்தம்.

சத்யப்பிரியா விழவில்லை. நிற்கச் சொல்லியிருந்தார்கள், நின்றாள். மேலுதடு பிளந்து ரத்தம் தாடையில் இறங்கி, கடன் வாங்கிய வெள்ளை உடுப்பில் சொட்டியது. அவள் குனிந்து, அது சொட்டுவதையே பார்த்தாள். கிறிஸ்டினா நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். அதை யாரோ அங்கே விட்டுவிட்டுப் போனதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சோடு டாக்டர் வந்தார். நடுவர்கள் மூவர் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். அதிக நேரம் பேசவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் முகத்தில் நேரடி அடி, ரத்தக் காயம். நீலம் போட்டியிலிருந்து நீக்கம். நடுவர் சத்யப்பிரியாவின் கையைப் பிடித்து மேலே தூக்கினார்.

“நான் இன்னா செஞ்சேன்?” என்று அவள் பஞ்சுக்குள்ளிருந்து கேட்டாள்.

“நின்ன பாப்பா” என்றான் குமரவேல்.

ஆட்டம் நடந்ததே நான்கு வினாடிதான்.

பிரபாவதி ஐஸ் பையைக் கொண்டுவந்து சத்யப்பிரியாவின் உதட்டில் தானே வைத்துப் பிடித்தார். “பாத்தீங்களா? இதுக்குத்தான் நம்ம பசங்களைத் தனியா வைக்கச் சொன்னேன்” என்றார் மாஸ்டரிடம். மாஸ்டர் தலையாட்டினார். அவருக்கு வருத்தம்தான். ஆனால் இரண்டு பெண்களுமே அவர் மன்றத்தின் பெயரில் வந்தவர்கள். எப்படிப் பார்த்தாலும் மன்றத்துக்கு ஒரு தங்கம். வருத்தத்தோடேயே ஸ்டேட் போட்டிக்கான படிவத்தை எடுத்துக் குமரவேலிடம் நீட்டினார்.

“ரெண்டாவதா வந்தவளுக்கு ஒண்ணும் இல்லையா சார்?” என்றான் பிராங்க்ளின்.

“நீக்கம்னா ரெண்டாவதும் கிடையாது பிராங்க்ளின். அவ ஆடவே இல்லன்னு அர்த்தம்.”

கிறிஸ்டினா ஓரமாகப் போய்க் கைக்கவசத்தைக் கழற்றினாள். அழவில்லை. பிராங்க்ளின் பக்கத்தில் போய் நின்றான். “வெயிலு” என்றான். “ஆமாப்பா” என்றாள்.

மூன்று மணிக்கு பஸ் ஸ்டாண்டில் சகாயமேரியின் போன் வந்தது. பிராங்க்ளின் எடுத்துக் காதில் வைத்தான். மனைவியின் குரல் எப்போதும்போல் வெளியே கேட்டது.

“என்னங்க, ஜெயிச்சாளா?”

“நம்ம பக்கம்தான் ஜெயிச்சுது.”

“நம்ம பக்கம்னா?”

“நம்ம குமரவேலு பொண்ணு.”

“அவ சும்மா நிக்கறதுக்குத்தானே வந்தா?”

“நின்னுதான் ஜெயிச்சா. நம்மது கொஞ்சம் வேகமா வுட்டுடுச்சு. மூஞ்சில பட்டுடுச்சு.”

“ஐயோ. அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கு?”

“உதடு வீங்கிக் கெடக்குது. ரெண்டு தையல்.”

“இவ ஸ்டேட்டுக்குப் போறாளா இல்லையா? அதைச் சொல்லுங்க.”

“இல்ல.”

“சரி. வரும்போது டியூஷன் டீச்சர் வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. நாளைக்கே அனுப்பறேன்னு.” அவள் போனை வைத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பிராங்க்ளின் ஏதாவது பேசியிருப்பான்.

குமரவேல் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு மகளின் கழுத்திலிருந்த பதக்கத்தைக் காட்டி, “அதக் கழட்டிக் குடு பாப்பா. அது மாமாவோடது. நாம பதிலுக்குத்தான் வந்தம்” என்றான்.

“வுடு குமரவேலு” என்றான் பிராங்க்ளின்.

“இல்லண்ணா, மொறைன்னு ஒண்ணு இருக்குது.”

சத்யப்பிரியா பதக்கத்தை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டாள். தையல் போட்ட உதட்டோடு பேசுவது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“குடுக்க மாட்டேன். அடி வாங்கனது நான்.”

“ஏய்!”

“இன்னா ஏய்? நிக்கச் சொன்ன, நின்னேன். அடிக்கட்டுமான்னு கேட்டேன், தேவையில்லன்னாங்க. உதடு யாருது? எனுது. அப்ப இதுவும் எனுதுதான்.”

குமரவேல் கையை ஓங்கினான். ஓங்கிய கை, வீங்கிய முகத்தைப் பார்த்துத் தானாகவே கீழே வந்துவிட்டது. “அவ சொல்றது சரிதான் மாமா” என்றாள் கிறிஸ்டினா.

நெய்வேலி பஸ் வந்தது. முந்தியடித்து ஏறினார்கள். ஆண்கள் பக்கம் மூன்று பேர் சீட்டில் அப்பாக்கள் இருவரும் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் இரண்டு பேர் சீட்டு ஒன்று காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் சத்யப்பிரியா ஜன்னலோரமும் கிறிஸ்டினா அவளுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். முழங்கை முழங்கையில் இடித்தது. கிறிஸ்டினா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. எதிர்வெயில் முகத்தில் அடித்தது. அப்பாக்கள் இருவரும் அதற்குள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். ராத்திரி இருவருக்கும் கடைசி ஷிப்ட்.

“வலிக்குதா?” என்றாள் கிறிஸ்டினா.

“பின்ன? இனிக்குமா?” சத்யப்பிரியா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பிடி ஏன் அடிச்ச? எம்மேல கோவமா?”

“இல்ல.”

“பின்ன?”

“அங்க ஆள் இருக்கும்னு கைக்குத் தோணல.”

சத்யப்பிரியா திரும்பி அவளைப் பார்த்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. “ஸ்டேட்டுல எத்தினி பேரு இருப்பாங்க?” என்று கேட்டாள்.

“பத்துப் பதினஞ்சு பேர்.”

“அவங்களும் இப்பிடித்தான் அடிப்பாங்களா?”

“நிறுத்தி அடிப்பாங்க. ஆனா அதைவிட வேகமா வரும்.”

“நான் போவல. நீயே போ.”

“நீ போகலன்னா யாருமே போக முடியாது. அதான் ரூல்.”

“அப்ப யாரு எனக்குச் சொல்லிக் குடுப்பா? உங்க மாஸ்டரா? அவரு சொல்லிக் குடுத்துதான் இப்பிடி ஆச்சு.” அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். “நீ வருவியா கிளாசுக்கு?”

“நாளையிலேர்ந்து எனக்கு டியூஷன்.”

“ஞாயித்துக்கெழமை?”

“அன்னிக்கும்.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நடத்துனர் பின்னாலிருந்து ஒவ்வொருவராகச் சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார். குறிஞ்சிப்பாடியில் சத்யப்பிரியா இறங்கிவிடுவாள். இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

“இங்க பாரு” என்றாள் கிறிஸ்டினா. சீட்டில் அவளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். “கை வரும்போது நீ கண்ணை மூடுன. மூடக் கூடாது. திறந்து வச்சிருந்தாத்தான் நகர முடியும்.”

“மூடாம எப்பிடி இருக்கறது? அதுவா மூடிக்குது.”

“நான் மெதுவா விடறேன். பாத்துக்கிட்டே இரு.”

“மறுபடியுமா? த, வேணாம்.”

“பாரு.”

சத்யப்பிரியா முதுகை ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டாள். அதற்கு மேல் போக இடமில்லை. கிறிஸ்டினா வலது கையை மடக்கி விலாவில் வைத்து, மெல்ல நீட்டினாள். பஸ் குலுங்கிக்கொண்டே போனது. கை அந்த வீங்கிய உதட்டை நோக்கிப் போய், தையல் நூலுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. பஸ் குலுங்கும்போதெல்லாம் கையும் முகமும் சேர்ந்தே குலுங்கின. அந்த ஒரு விரல் தூரம் மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சத்யப்பிரியாவின் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. மூடவில்லை.

“இன்னாம்மா, பஸ்ஸுல சண்டையா? ரெண்டு பேரும் பொம்பளப் புள்ளைங்களா இருந்துகினு?” என்றார் வந்து நின்ற நடத்துனர்.

“சண்டை இல்லண்ணா” என்றாள் சத்யப்பிரியா, கண்ணை அந்தக் கையிலிருந்து எடுக்காமல். “குறிஞ்சிப்பாடி ரெண்டு, நெய்வேலி ரெண்டு. காசு எங்கப்பாகிட்ட, அதோ தூங்கிகினு கெடக்குது.”

நடத்துனர் அந்தப் பக்கம் திரும்பினார். கிறிஸ்டினா கையை விலாவுக்கு இழுத்தாள்.

“இன்னொரு தடவை” என்றாள். “இப்ப கொஞ்சம் வேகமா.”